ரசீதில் கிடக்கும் நிலவியல்

திசையன்விளைக்குப் பக்கத்தில் உள்ள ஆயன்குளம் கிணற்றைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் திருநெல்வேலிச் சீமையில் இப்போது குறைவு. 2021-ஆம் ஆண்டு இறுதியில் பெய்த மழையின்போது வெள்ளநீர் அந்தக் கிணற்றுக்குள் பாய்ந்துகொண்டே இருந்தது. நாட்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. செய்தித்தாள்கள் அதற்கு 'அதிசயக் கிணறு' என்று பெயர் சூட்டின. குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தவர்களும் உண்டு. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஒரு குழு வந்து ஆராய்ந்து, அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான வெற்றிடங்களின் வழியாகத் தண்ணீர் போய்விடுகிறது என்று விளக்கியது. சுண்ணாம்புக் கல்லின் இயல்பு அறிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறி, வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலம் கல்லை அரித்து அரித்துத் தனக்கு வழி செய்துகொள்கிறது.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அத்தனை வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும் ஒரு நீர்வழி காலடியில் இருக்கிறது என்ற செய்தி, வெள்ளம் ஒரு கிணற்றில் விழுந்த பிறகுதான் ஊருக்குத் தெரிய வந்தது. அந்தச் சுண்ணாம்புப் பாறை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, கடல்வரை போகிறதா அல்லது நடுவிலேயே கருங்கல்லில் முட்டி நிற்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை தரும் ஒரு வரைபடம் தாலுகா அலுவலகத்திலோ ஊராட்சியிலோ இருந்திருந்தால், அந்தக் கிணற்றைப் பத்தாண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்கலாம். அதைப் போன்ற வேறு இடங்களையும் தேடியிருக்கலாம். அப்படிப்பட்ட வரைபடத்தைத்தான் முப்பரிமாண நிலவியல் வரைபடம் என்கிறோம்.

இருபரிமாண வரைபடம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1851-இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் அரைக் கிலோமீட்டர் என்ற அளவில் நாட்டை வரைந்து வந்திருக்கிறது. நம் பக்கத்துத் தாளை விரித்தால் மேற்கே மலையடிவாரம் முழுக்கச் சார்னோக்கைட் என்னும் கரும்பாறையும், கார்னெட் என்னும் சிவந்த மணிக்கல் கலந்த பட்டைப் பாறைகளும், தாழையூத்துப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லும், சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை வரை செந்நிறத் தேரி மணலும், தாமிரபரணியின் இருகரையிலும் வண்டலும் தனித்தனி நிறங்களில் தெரியும். அருமையான வேலை, வெயிலில் நடந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து வரைந்த வேலை. ஆனால் அந்த நிறம் தரையின் மேல்பரப்புக்கு மட்டும்தான் பொருந்தும். தேரி மணல் எத்தனை அடிக்கு இருக்கிறது, அதன் கீழே மணற்கல்லா களியா கருங்கல்லா என்று அந்த நிறம் சொல்லாது. தரையைப் பாகம் பிரித்து விற்கிறவனுக்கு அது போதும். தண்ணீருக்காகத் துளை போடுகிறவனுக்கோ அஸ்திவாரம் தோண்டுகிறவனுக்கோ போதாது.

எங்கள் ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. நான் கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பழைய தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீர் வற்றி, உட்சுவரில் ஆலங்கன்று முளைத்துக் கிடக்கும் அந்தக் கிணற்றில் மூன்றாவது பரிமாணம் கண்ணெதிரே இருக்கிறது. மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே வெள்ளை முடிச்சுகள் நிறைந்த சுக்கான். பிறகு விரலால் நிமிண்டினால் உதிர்ந்து விழும் பொடிப்பாறை, அதில் அங்கங்கே சிவந்த கார்னெட் மணிகள். அதற்கும் கீழே வெடிமருந்து வைத்த துளைகளின் பாதித் தழும்பு இன்னும் மாறாத கருங்கல். தென்மேற்கு மூலையில் ஒரு வெடிப்பு சாய்ந்து இறங்குகிறது. அதன் இரண்டு ஓரமும் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். கிணற்றுக்கு ஊற்று வந்ததெல்லாம் அந்த ஒற்றை வெடிப்பின் வழியாகத்தான். கமலை கட்டி இறைத்த காலத்தில் கிணறு வெட்டியவர்கள் அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் அடுத்த கிணற்றுக்கு இடம் குறித்தார்கள். படிக்காத ஆட்கள்தான், ஆனால் பாறையின் உள்வாட்டைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள்.

ஆழ்துளைப் போர் (போர்வெல்) வந்த பிறகு அந்தப் பார்வை போய்விட்டது. ஆறரை அங்குலத் துளைக்குள் யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. திருச்செங்கோட்டு லாரி ராத்திரியில் வந்து நிற்கும். கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. துளையிலிருந்து பொடி பீய்ச்சி அடிக்கும். முதலில் செம்மண், அப்புறம் பழுப்பு, அப்புறம் சாம்பல், திடீரென்று பச்சை கலந்த கறுப்பு. "அண்ணாச்சி, பொடி மாறுது, இன்னும் நாலு ராடு போட்டுப் பாப்பமா?" என்று மேஸ்திரி கேட்பார். ஒரு ராடு இருபது அடி. ஆழம் கூடக் கூட அடிக்கு ரேட்டும் கூடும். தோட்டக்காரர் கையில் இருக்கும் நகைக்கடன் பணத்தை மனத்துக்குள் எண்ணிப் பார்த்துத் தலையசைப்பார். விடியும்போது லாரி போய்விடும். தரையில் சாம்பல் நிறப் பொடி குவிந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் அதுவும் கரைந்துவிடும். அந்தப் பொடி எந்த ஆழத்தில் எந்த நிறம், எந்த ஆழத்தில் ஈரம் தட்டியது என்ற விவரம்தான் முப்பரிமாண வரைபடத்துக்கு வேண்டிய மூலப்பொருள். அதைப் பணம் கொடுத்து வாங்கியவர் விவசாயி. வாங்கிய அன்றே அது காற்றில் போய்விடுகிறது.

முழுவதும் போய்விடுவதில்லை என்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். லாரிக்காரர்கள் கொடுக்கும் ரசீதில் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும்: மொத்த ஆழம் எத்தனை அடி, கேசிங் பைப் எத்தனை அடி. பணம் வாங்குவதற்காக எழுதிய கணக்கு அது. ஆனால் கேசிங் எதுவரை இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். மண்ணும் பொடிப்பாறையும் துளைக்குள் சரிந்து விழாமல் தாங்குவதற்குத்தான் கேசிங். கெட்டியான கல் வந்தவுடன் அது நின்றுவிடும். ஆகவே கேசிங்கின் நீளம் என்பது அந்த இடத்தில் மண்ணும் சிதைந்த பாறையும் சேர்ந்து எத்தனை தடிமன் என்பதற்கான அளவு. நம்மைப் போன்ற கரும்பாறைச் சீமையில் மழைநீரைத் தேக்கி வைத்துக் கீழே உள்ள வெடிப்புகளுக்கு மெல்ல மெல்ல விடுவது அந்தச் சிதைந்த பகுதிதான். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இடம் இப்படிக் கடினப்பாறைதான் என்பதால், இது நம் ஊருக்கு மட்டுமான சங்கதியும் அல்ல.

ஊரில் தெரிந்தவர்களிடம் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கினேன். அரிசி டப்பாவுக்குள்ளிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் சில கிடைத்தன. சிலர் மனப்பாடமாகவே சொன்னார்கள், ஏனென்றால் கடன் கட்டிய கணக்கு மறக்காது. சர்வே எண்களை வைத்து ஒரு தாளில் இடம் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேசிங் அடியை எழுதினேன். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்குள்ளேயே முப்பது அடியும் தொண்ணூறு அடியும் வந்தன. கேசிங் ஆழமாக இறங்கிய தோட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு பட்டையில் அமைந்திருந்தன. செங்கோட்டைப் பக்கம் மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும் அச்சன்கோவில் பிளவுப் பட்டையும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் ஓடுகிறது. நம் வட்டாரத்துப் பாறைகளின் பொதுவான வாட்டத்தோடு அது ஒத்துப்போகிறது. அந்தப் பட்டைக்கு வெளியே எண்ணூறு, ஆயிரம் அடி போட்டும் புழுதி மட்டுமே கண்ட துளைகள் இருந்தன. இவற்றையெல்லாம் போடுவதற்கு முன்னால் அந்தத் தாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ரசீது கொடுத்தவர்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள்ளேயே அதைப் பேசிக்கொண்டார்கள்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலத்தடியைப் பற்றிய அறிவுக்கு நாம் செலவே செய்யவில்லை என்பது சரியல்ல. ஏராளமாகச் செலவு செய்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடன் வாங்கிச் செய்த செலவு, ஒருவருக்கொருவர் பயன்படாமல் போயிருக்கிறது. ஒருவர் போட்ட வறண்ட துளையின் விவரம் அவருக்குப் பயன்படாது, அவர் பணம் போய்விட்டது. அது பயன்படுவது பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு. அதனால்தான் இதை எந்தத் தனிமனிதரும் சேர்த்து வைக்கமாட்டார். பொது அமைப்பு ஒன்றுதான் சேர்த்து வைக்க முடியும்.

பிற நாடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 1960 முதல் 1978 வரை தன் நிலப்பரப்பு முழுவதையும் விரிவான நிலவியல் வரைபடங்களாக வரைந்தது. அந்த வரைபடங்களைப் பயன்படுத்தியவர்களிடம், இது இல்லாவிட்டால் இந்தத் தகவலுக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு செலவு ஆகியிருக்கும் என்று பின்னாளில் கேட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்தபட்ச மதிப்பீட்டிலேயே போட்ட பணத்தைப்போல் 25 முதல் 39 மடங்கு பயன் கிடைத்ததாகக் கணக்கிட்டது. அவை இருபரிமாண வரைபடங்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த நாட்டின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. துளை போடுகிறவர்கள் விவரத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1926-லேயே சட்டம் செய்தார்கள். அந்தச் சேமிப்பின் மேல்தான், தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கி, தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிய சிறு தொகையில், நாட்டின் சுமார் 40 விழுக்காட்டுப் பரப்பை ஆழம் வரைக்கும் வரைந்து முடித்தார்கள். நெதர்லாந்திலோ 2018 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: அரசு அமைப்புகள் தோண்டித் தெரிந்துகொண்ட விவரத்தைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், திட்டம் தீட்டும்போது அந்தப் பதிவேட்டைப் பார்க்கவும் வேண்டும். அவர்களுடைய மாதிரி ஒன்றில் நிலத்தடியின் மேல்பகுதி 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் களியா, மணலா, அதை எவ்வளவு நம்பலாம் என்பது வரை குறிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு நம்பலாம் என்று வரைபடமே சொல்வதுதான் எனக்குப் பிடித்த அம்சம். நம் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவர் ஒருநாளும் அதைச் சொல்வதில்லை.

இந்தியாவிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய நீர்ப்பாறை (நிலத்தடியில் தண்ணீர் தேங்கும் பாறை அடுக்கு) வரைவுத் திட்டம் நாட்டில் சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தொட்டிருக்கிறது. ஹெலிகாப்டரின் கீழே பெரிய வளையத்தைத் தொங்கவிட்டு, மின்காந்த அலையை நிலத்துக்குள் செலுத்தி, திரும்பி வருவதைக் கொண்டு அடியில் உள்ளதை அறியும் முறையை நம் கடலூர் மாவட்டத்து வெள்ளாற்றுப் படுகையில் சோதித்துப் பார்த்தார்கள். 2021 முதல் ராஜஸ்தான், குஜராத், அரியானா பக்கம் பெரிய அளவில் பறக்கவிட்டார்கள். ஆனால் ஹெலிகாப்டர் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பது பிழை. அந்தக் கருவி அளப்பது மின்தடையைத்தான். கெட்டியான கருங்கல்லுக்கு மின்தடை மிக அதிகம், உப்புத்தண்ணீருக்குக் குறைவு, களிமண்ணுக்கும் குறைவு. ஆகவே உவரிக் கடற்கரையில் கீழே குறைந்த தடை காட்டினால் அது உப்பு ஏறிய மணலா, நல்ல தண்ணீருக்குக் காவலாக நிற்கும் களியா என்று கருவி மட்டும் சொல்லாது. அருகில் ஒரு துளையின் விவரம் வேண்டும். சார்னோக்கைட்டுக்குள் ஐந்நூறு அடியில் இருக்கும் விரல்கடைத் தடிமனுள்ள வெடிப்பையும் அது பார்க்காது. மேலே உள்ள சிதைந்த பகுதியின் தடிமனை அது அழகாகக் காட்டும். எப்படிப் பார்த்தாலும் துளை விவரம் இல்லாமல் வேலை நடக்காது.

கடற்கரையில் இதன் அருமை இன்னும் கூடுதல். திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை குறைந்த நல்ல தண்ணீர் எடை கூடிய உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மோட்டார் வைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறப் பார்க்கும். நடுவில் ஒரு களிப் படுகை இருந்தால் தடுக்கும். இல்லாவிட்டால் தோட்டம் உவராகும். எந்த ஊருக்கு அடியில் அந்தக் களி இருக்கிறது என்பது மேலே நின்று பார்த்தால் தெரிகிற காரியம் அல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியும் குளங்களும் தாங்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அத்தனையும் கடலுக்குத்தான் போயிற்று. தாமிரபரணியின் வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்டுச் சீமைக்குக் கொண்டுபோகும் கால்வாய், இப்படிக் கடலுக்குப் போகும் தண்ணீரைத் திருப்பத்தான் வெட்டப்பட்டது. கால்வாயில் வரும் தண்ணீரைத் தேரியில் விடலாம், குளத்தில் தேக்கலாம், ஆயன்குளம் போன்ற இடத்தில் இறக்கலாம். எங்கே விட்டால் உள்ளூர்க் கிணறுகளில் ஏறும், எங்கே விட்டால் பாதாளத்தில் வழிந்து கடலுக்குள் ஊற்றாகப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மழைக்கும் பரீட்சை செய்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுண்ணாம்புக் குகையில் இறக்கும் தண்ணீர் மணலில் வடிகட்டப்படுவதுபோல் வடிகட்டப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே குப்பையோ பூச்சிமருந்தோ கலந்தால் அது அப்படியே அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போகும்.

தண்ணீர் மட்டும் அல்ல. முன்னீர்ப்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதம் முந்நூறு அடிக்கு மேல் ஆழமான கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம்: பாறையின் அடுக்கும் வெடிப்பும் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், அடியை வெட்டிய பிறகு மேலே உள்ள பாளம் எதன் மேலும் நிற்கவில்லை. அந்தச் சாய்வை அளந்து குறிப்பது நிலவியல் மாணவன் முதல் ஆண்டில் கற்கும் பாடம். வெட்ட வெட்டப் புதிய முகம் தெரியும். அதையும் குறித்துக்கொண்டே போனால் அதுவே அந்தக் குன்றின் முப்பரிமாண வரைபடம்.

இன்னொரு புதையல் கண்முன்னே சுழன்றுகொண்டிருக்கிறது. கயத்தாற்றிலிருந்து ராதாபுரம் வரை நிற்கும் காற்றாலைகள் ஒவ்வொன்றுக்கும் அஸ்திவாரம் போடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்திருப்பார்கள். நான்குவழிச் சாலைப் பாலங்களுக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத் தொட்டிகளுக்கும் அப்படியே. பணம் கொடுத்து வாங்கிய அந்த அறிக்கைகள் கட்டுமானம் முடிந்ததும் கோப்பில் கட்டி வைக்கப்படுகின்றன. அவற்றில் உள்ள துளை விவரத்தை மட்டும் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால், புதிதாக ஒரு அடிகூடத் தோண்டாமல் மாவட்டத்தின் அடித்தளம் பாதி தெரிந்துவிடும். நிலவியல் தரவுகளுக்காக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒரு தேசியக் களஞ்சியத்தை இணையத்தில் திறந்திருக்கிறது. போட்டு வைக்க இடம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

விவசாயியின் துளைக்கு வருவோம், சிக்கல் அங்கேதான். தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. கிணற்றைப் பதிவு செய் என்றால், நாளைக்கு மீட்டர் வைப்பார்கள், வரி போடுவார்கள், இலவச மின்சாரத்தில் கை வைப்பார்கள் என்ற அச்சம் தோட்டக்காரருக்கு உண்டு. அது ஆதாரமில்லாத அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் ரசீது கொடுத்தவர்களில் ஒருவர், தண்ணீர் எத்தனை இஞ்ச் வந்தது என்பதை எழுத வேண்டாம் என்றுதான் கொடுத்தார். ஆகவே தண்ணீர் அளவை எழுதும் கட்டத்தை விட்டுவிட்டே தொடங்கலாம். பாறைக்குத் தண்ணீர்க் கணக்கு தேவையில்லை. ஊராட்சியில் துளைக்கு அனுமதி கொடுக்கும் பதிவேட்டில் சர்வே எண், மொத்த ஆழம், கேசிங் அடி, பொடி நிறம் மாறிய ஆழங்கள் ஆகிய நான்கை லாரி மேஸ்திரியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தால் போதும். உரிமையாளர் பெயர்கூட வேண்டியதில்லை. மேஸ்திரி எப்படியும் ரசீதுக்காக அதில் பாதியை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.